‘நோய் எதிர்ப்புத் திறன் கொண்ட’ பீச் ஒட்டுக்கன்று: செட்டிநாட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு மதிப்பீடு

சமவெளியில் வீடு வைத்திருப்பவரின் வாசலுக்கு ஆப்பிள், பிளம், பேரி, பீச் என்று மலைப்பயிர்க் கன்றுகள் கூரியரில் வந்து இறங்குவது சில ஆண்டுகளாக வாடிக்கையாகிவிட்டது. இமாசலப் பிரதேசத்து உழவர் ஹரிமன் சர்மா பரப்பிய ‘எச்.ஆர்.எம்.என். 99’ என்னும் ஆப்பிள், வெப்பம் மிகுந்த இடத்திலும் காய்க்கும் என்று பெயர் பெற்றதிலிருந்து, அந்தப் பெயரின் நிழலில் வேறு பல கன்றுகளும் விலைபோகத் தொடங்கின. அப்படி ‘நோய் எதிர்ப்புத் திறன் கொண்ட பீச், வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது’ என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கி, காரைக்குடியை அடுத்த எங்கள் ஊரில், வீட்டின் பின்கட்டைத் தாண்டிய தோட்டத்தில் நட்டு, கோடையும் மழையும் அதை என்ன செய்கின்றன என்று பார்த்துவருகிறேன். விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை. இதே விளம்பர வாசகத்தைப் பல கடைகள் அச்சுப் பிசகாமல் பயன்படுத்துகின்றன; எனக்கிருக்கும் வழக்கும் அந்த வாசகத்தோடுதான், கன்றோடு அல்ல.

கன்றைப் பொறுத்தவரை குறைசொல்ல அதிகம் இல்லை. நெட்டையான அட்டைப்பெட்டியில், வேர்ப்பகுதியை ஈரமான தென்னைநார்க் கழிவில் பொதிந்து, பாலித்தீன் உறையால் இறுகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். தண்டை ஒட்டி ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி மென்மையான நாடாவால் அங்கங்கே கட்டியிருந்ததால், பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கன்று அசையாத நிலையில் இருந்தது. ஒட்டுக் கட்டிய இடம் மண்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், பிளவோ கருமையோ இல்லாமல், சீரான புடைப்போடு ஆறியிருந்தது. ஒட்டு நாடாவை மட்டும் அவிழ்க்காமலே அனுப்பிவிட்டார்கள். வாங்குபவர் அதைக் கவனித்துப் பிளேடால் நெடுக்கில் கீறி எடுத்துவிடாவிட்டால், தண்டு பருக்கும்போது நாடா பட்டைக்குள் பதிந்து, சாற்றின் ஓட்டத்தை நிறுத்திவிடும். விலை, உள்ளூரில் நல்ல மா ஒட்டுக்கன்றுக்குக் கொடுப்பதைப் போலச் சில மடங்கு. மலையிலிருந்து ஒட்டுக்கட்டி, பழுதில்லாமல் கொண்டுவந்து சேர்க்கும் செலவை எண்ணிப் பார்த்தால் அது அநியாய விலை என்று சொல்ல முடியாது.

சிக்கல், கழுத்தில் தொங்கிய பெயர்ச்சீட்டில் தொடங்குகிறது. அதில் ‘பீச்’ என்று இருந்தது, ‘ஒட்டு’ என்று இருந்தது, ‘நோய் எதிர்ப்பு’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. ரகத்தின் பெயர் இல்லை, வேர்ச்செடியின் பெயரும் இல்லை. ஒட்டுக்கன்று என்பது ஒரு செடி அல்ல, இரண்டு செடிகள். ஒட்டுக்கு மேலே இருப்பது பழத்தையும் இலையையும் தீர்மானிக்கிறது. கீழே இருப்பது மண்ணோடும் மண்ணிலுள்ள புழுவோடும் தேங்கும் தண்ணீரோடும் போராடுகிறது. எந்த நோய்க்கு எதிர்ப்பு, அது மேலிருக்கும் செடிக்கா கீழிருக்கும் செடிக்கா என்று சொல்லாத சீட்டு, மருந்தின் பெயரை மறைத்துவிட்டு ‘குணமாகும்’ என்று மட்டும் எழுதிய புட்டியைப் போன்றது. மா வாங்கப் போனால் அல்போன்சாவா, பங்கனப்பள்ளியா, இமாம்பசந்தா என்று கேட்காமல் நம் ஊரில் யாரும் காசை எடுப்பதில்லை. பீச் என்றவுடன் அந்தக் கேள்வி மறந்துபோகிறது.

பெட்டிக்குள் இருந்த துண்டறிக்கையைப் படித்த பிறகு, அவர்கள் சொல்லும் நோய் எதுவென்று புரிந்தது. ‘இலைச்சுருட்டலைத் தாங்கும்’ என்று ஒரு வரி. மேலை நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் பீச் வளர்ப்பவர்களின் முதல் கவலை இந்த நோய்தான். டாஃப்ரினா டிஃபார்மன்ஸ் என்னும் பூஞ்சாணத்தால் வருவது. அதன் வித்துக்கள் பட்டையிலும் மொட்டுச் செதில்களிலும் குளிர்காலம் முழுவதும் ஒட்டிக் கிடக்கும். குளிர் தணியத் தொடங்கி மொட்டு வீங்கும் சமயத்தில் மழை பெய்தால், அந்த ஈரத்தில் முளைத்து, விரியாத இளந்தளிருக்குள் புகுந்துவிடும். தளிர் விரியும்போதே தடித்து, கொப்புளித்து, சிவந்து சுருண்டிருக்கும். பின்னர் அதன்மேல் வெண்பொடி பூத்து, இலை உதிரும். வெயில் ஏறி, காற்று காய்ந்துவிட்டால் நோய் தானாகவே அடங்கிவிடும். முதிர்ந்த இலையை அது தொடுவதில்லை. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், குளிரும் மழையும் சேர்ந்து நிற்கும் வாஷிங்டன் மாநிலத்தில், ‘ஃப்ராஸ்ட்’, ‘அவலான் பிரைட்’ போன்ற ரகங்கள் இந்த நோயைத் தாங்குவதற்காகவே மதிக்கப்படுகின்றன. அங்கேயும் ‘ஃப்ராஸ்ட்’ மரத்துக்கு முதல் சில ஆண்டுகள் மருந்தடித்துக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். எதிர்ப்புத் திறன் என்பது நோய் எட்டிப்பார்க்காது என்ற உத்தரவாதம் அல்ல, வந்தாலும் மரம் மீண்டுவிடும் என்ற அளவிலான ஆறுதல்.

இனிச் செட்டிநாட்டுக்கு வருவோம். இந்த நோய் பிடிக்க மொட்டு விரியும் வேளையில் குளிர்ந்த ஈரம் நீடிக்க வேண்டும். இங்கே மார்கழி விடியற்காலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம் என்றாலும், வெப்பமானி பொதுவாக 20 பாகை செல்சியசை ஒட்டித்தான் நிற்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் வெயில் முற்றத்தில் இறங்கிவிடுகிறது. ஆகவே எங்கள் தோட்டத்துக் கன்றில் இலைச்சுருட்டல் நோய் வரவில்லை, வராது. வராத நோயைத் தாங்கும் திறனுக்குத்தான் நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம். இது பொய் விளம்பரம் என்று சட்டப்படி நிறுவ முடியாது; ஆனால் இந்த ஊர்க்காரருக்கு அந்த மெய்யால் ஒரு காசுப் பயனும் இல்லை.

துண்டறிக்கையில் இன்னொரு வரி உண்டு: ‘இலையுதிர்ந்த பின், குளிர்காலத்தில், போர்டோ கலவை தெளிக்கவும்’. ஐரோப்பாவிலோ காஷ்மீரிலோ இது பொன்னான அறிவுரை. பிரான்சு நாட்டில் 1880களில் திராட்சைக் கொடிகளுக்காக மில்லார்டே என்னும் பேராசிரியர் வகுத்த கலவை அது. வீட்டளவுக்கு 100 கிராம் மயில்துத்தம் (செம்பு கலந்த நீல உப்பு), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ கரைத்து, பிறகு கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது. கலந்தபின், துலக்கிய இரும்புக் கத்தி ஒன்றை அதில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்துப் பார்க்க வேண்டும். அலகில் செம்பின் சிவப்பு படிந்திருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது என்று பொருள். இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்த்து, கத்தி சுத்தமாக வெளிவரும்வரை சரிசெய்ய வேண்டும். சுண்ணாம்புக்கும் முட்டைக்கும் பேர்போன சுவர்களை எழுப்பிய ஊரில் இந்தப் பக்குவத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்போது தெளிப்பது என்பதுதான் இங்கே கேள்வி. பீச் இலை செம்பைத் தாங்காது. இலையோடு நிற்கும் மரத்தில் போர்டோ கலவையைத் தெளித்தால் இலையில் ஓட்டை விழுந்து, மஞ்சளாகி, மொத்தமாகக் கொட்டிவிடும். அதனால்தான் இலை இல்லாத உறக்ககாலத்தில் தெளிக்கச் சொல்கிறார்கள். எங்கள் மரமோ ஒரு நாளும் முழுமையாக உறங்கவில்லை. ஒரு கிளையில் பழுத்த இலை, அடுத்த கிளையில் தளிர், நடுவில் மொட்டைக் குச்சி என்று ஆண்டு முழுவதும் அரைத்தூக்கத்தில் நிற்கிறது. அறிக்கையை அப்படியே பின்பற்றியிருந்தால் நோயைவிட மருந்து அதிகக் கெடுதல் செய்திருக்கும். தண்டின் அடிப்பாகத்தில் வெட்டுக்காயங்களுக்கு மட்டும் இதைக் குழம்புப் பதத்தில் பூசிக்கொள்ளலாம். அதற்குமேல் இங்கே இதற்கு வேலை இல்லை.

சரி, வந்த நோய் எது? ஐப்பசி அடைமழை விட்டு, கார்த்திகையில் காலை வெயிலும் ஈரப்புழுக்கமும் மாறி மாறி வந்த நாட்களில், இலையின் மேற்புறத்தில் கோணல் கோணலாகச் சிறு மஞ்சள் புள்ளிகள் தோன்றின. இலையைத் திருப்பினால், அதே இடங்களில் காபிப்பொடியைத் தூவியதுபோல் பழுப்புப் பொடி. விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டிக்கொள்கிறது. இது துருநோய். குளிர் குறைந்த, ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் பீச்சுக்கு இலைச்சுருட்டலைவிட இதுதான் பெரிய தொல்லை. அமெரிக்காவிலேயே ஃபுளோரிடா மாநிலத்துத் தோட்டங்களில் பருவத்துக்கு முன்பே இலையைக் கொட்டவைப்பது இதுதான். துண்டறிக்கையில் இதைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்து, கிளைகளுக்கு இடையே காற்று புகும்படி நடுவைத் திறந்துவிட்டு, நனையும் கந்தகத்தை மாலை வேளையில் தெளித்ததில் ஓரளவு கட்டுப்பட்டது. கந்தகத்தைக் கோடையில் தொடவே கூடாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாட்களில் அது இலையைக் கருக்கிவிடும். பங்குனி முதல் ஆவணி வரை இங்கே அந்த அளவுக்குக் கீழே பகல் வெப்பம் இருப்பது அரிது என்பதால், கந்தகம் நமக்கு மழைக்காலத்து மருந்து மட்டுமே.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. குளிர் செய்திருக்க வேண்டிய வேலையைத் துருநோய் செய்தது. இலை கொட்டியதும் மரம் ஏதோ பருவம் மாறிவிட்டதாக எண்ணிக்கொண்டு, தை மாதத்தில் சில குச்சிகளில் பூத்தது. வெளிர் ரோஜா நிறப் பூக்கள், தண்டோடு ஒட்டி, காம்பே இல்லாததுபோல. பார்க்க வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டார்கள். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வருமுன்னரே அத்தனையும் உதிர்ந்துவிட்டது.

பூச்சியைப் பொறுத்தவரை நம் ஊரின் வழக்கமான விருந்தாளிகள் இதையும் விட்டுவைக்கவில்லை. சாம்பல் நிறக் கூன்வண்டு இலை ஓரங்களைப் பல்வரிசைபோல் கடித்துவைத்தது. விடியற்காலையில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துக் கிளையைக் குலுக்கினால், செத்ததுபோல் விழும் வண்டுகளைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். கரையானுக்கு, தண்டை ஒட்டிச் சருகு மூடாக்கு போடாமல் ஒரு முழம் தள்ளிப் போடுவதும், குழியில் வேப்பம் புண்ணாக்கு கலப்பதும் உதவின. தண்டில் பொன்னிறப் பிசின் வடிந்தால் உடனே பதற வேண்டியதில்லை. பிசின் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் அது வெயில் காயமாகவோ வெட்டுக்காயமாகவோ இருக்கும். அதில் மரத்தூள் கலந்திருந்தால்தான் உள்ளே துளைப்பான் இருக்கிறது என்று பொருள். எங்கள் மரத்தில் மேற்கு வெயில் படும் பக்கத்தில் மட்டும் தெளிந்த பிசின் வந்தது. அடித்தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபின் நின்றுவிட்டது.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது மண்ணுக்குள் இருக்கிறது. கன்று நட்ட இடத்துக்குப் பக்கத்தில் முன்பு கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தோம். செட்டிநாட்டின் மணல் கலந்த செம்மண்ணில் காய்கறி போட்ட இடமெல்லாம் வேர்முடிச்சு நூற்புழு குடியிருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒரு பக்கவேரைத் தோண்டிக் கழுவிப் பார்த்தபோது, பாசிமணி கோத்ததுபோல் வரிசையாக முடிச்சுகள் தென்பட்டன. பீச்சுக்கு இந்தப் புழு பரம்பரைப் பகை. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை 1959ஆம் ஆண்டிலேயே ‘நெமகார்டு’ என்னும் எதிர்ப்புத் திறன் கொண்ட வேர்ச்செடியை வெளியிட்டது. பின்னர் ஃபுளோரிடாவின் வெதுவெதுப்பான மணல் மண்ணுக்கென்றே ‘ஃப்ளோர்டாகார்டு’ வந்தது. செட்டிநாட்டு மண்ணில் ‘நோய் எதிர்ப்பு’ என்ற சொல்லுக்கு ஏதேனும் பொருள் இருக்குமானால் அது இந்த வேர்ச்செடியில்தான் இருக்கிறது. சீட்டில் இல்லாத அந்த ஒரு பெயருக்காக நான் கூடுதல் விலையை மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன். காட்டுப் பீச் விதையில் முளைத்த சாதாரண வேர்ச்செடி என்றால், மேலே எந்த உயர்ந்த ரகத்தை ஒட்டியிருந்தாலும் அடித்தளம் புழுவின் வாயில் இருக்கிறது.

நடும் முறையைப் பற்றி அறிக்கை சொல்வது ‘நல்ல வடிகால் உள்ள மண்’ என்பதோடு முடிகிறது. எங்கள் பக்கத்தில் மேலே செம்மண்ணாக இருந்தாலும் கொஞ்சம் ஆழத்தில் செம்புறாங்கல் தட்டிவிடும். அதற்குள் குழி வெட்டினால் அது மழைக்காலத்தில் தொட்டியாகிவிடும். பீச் வேர் தண்ணீரில் சில நாட்கள் ஊறினாலே அழுகத் தொடங்குகிறது. கூரைத் தண்ணீரை ஊரணிக்குக் கொண்டுசேர்க்க வாய்க்கால் வைத்துக் கட்டிய ஊர்களில், அந்த வாய்க்காலின் ஓட்டத்தைப் பார்த்து, மேட்டுப் பக்கத்தில், குழி வெட்டாமல் இரண்டடி உயரத்துக்கு மண் அணைத்து மேடாக்கி அதன்மேல் நடுவதே சரி. அப்படி நட்டதால்தான் ஐப்பசி மழையில் எங்கள் கன்று தப்பியது.

துண்டறிக்கையின் மற்றொரு வாசகம், ‘மகரந்தச் சேர்க்கைக்கு இரண்டு கன்றுகள் நடவும்’, அதன் கீழேயே இரண்டு வாங்கினால் தள்ளுபடி என்ற அறிவிப்பு. பீச் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது; ‘ஜே.எச். ஹேல்’ போன்ற ஓரிரு ரகங்களே விலக்கு. ரகத்தின் பெயரையே சொல்லாமல் இரண்டு வாங்கச் சொல்வது வியாபாரம்.

இப்போது எல்லாவற்றுக்கும் மூலமான செய்திக்கு வருகிறேன். பீச் மரத்தின் மொட்டு, கோடையின் முடிவிலேயே அடுத்த ஆண்டுக்கான பூவை உள்ளே உருவாக்கி வைத்துவிட்டு உறங்கப் போகிறது. அந்த உறக்கம் கலைய வேண்டுமானால், ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இத்தனை மணிநேரம் குளிர் அதன்மேல் பட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இலைச்சுருட்டலைத் தாங்கும் ‘ஃப்ராஸ்ட்’ ரகத்துக்கு 700 மணிநேரம் அளவுக்குத் தேவை. இலைப்புள்ளி நோயைத் தாங்கும் என்று பெயர்பெற்ற, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘கன்டெண்டர்’ ரகத்துக்கு 1000 மணிநேரத்துக்கும் மேல். நோயைத் தாங்கும் புகழ்பெற்ற ரகங்கள் பெரும்பாலும் நோய் மிகுந்த குளிர்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதால், அவற்றின் குளிர்ப் பசியும் பெரிது. ஃபுளோரிடாப் பல்கலைக்கழகம் 1980களில் வெளியிட்ட ‘ஃப்ளோர்டாபிரின்ஸ்’ போன்ற ரகங்கள் அந்தப் பசியை 150 மணிநேரத்தை ஒட்டிக் குறைத்தன. பஞ்சாபின் சமவெளியில் பீச் சாகுபடி பரவியது இத்தகைய ரகங்களால்தான். ஆனால் பஞ்சாபில் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் ஏழு பாகைக்குக் கீழே இறங்குகிறது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் அது ஒரு மணிநேரம்கூட நடப்பதில்லை. 150 என்றாலும் 700 என்றாலும் நம் கையிருப்பு சுழியம்தான்.

குளிருக்குப் பதிலாக வேறு வழி உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. கிழக்கு ஜாவாவில் மாலாங் பக்கத்து மலைகளில் ஆப்பிள் அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிட்டு, மரத்தை உறங்கவிடாமலே மறுபடி பூக்கவைக்கிறார்கள். அது மலைப்பகுதி, நம் கோடையின் பகல் வெப்பம் அங்கே இல்லை. இங்கே இலையை உருவினால் தை மாதத்தில் எங்கள் மரம் பூத்ததைப்போலப் பூக்கும், அதைப்போலவே உதிரும். நாசிக் திராட்சைத் தோட்டங்களில் மொட்டை எழுப்பத் தடவும் ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தை இதற்குப் பரிந்துரைக்கும் காணொளிகளையும் பார்த்தேன். தோலில் பட்டாலும் மூச்சில் போனாலும் தீங்கு செய்யும் அந்த மருந்து, குழந்தைகள் ஓடியாடும் வீட்டுத் தோட்டத்துக்குள் வரவே கூடாது. அதுவும் குளிரின் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்யும், முழுவதையும் அல்ல.

விற்பனையாளரின் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரகமும் வேர்ச்செடியும் எவை என்று கேட்டு எழுதியதற்குப் பணிவான பதில் விரைவாகவே வந்தது. ஆனால் அதில் ‘இந்தியா முழுவதற்கும் ஏற்றது’ என்ற வரிதான் இருந்தது. கேட்ட பெயர்கள் இல்லை. மீண்டும் கேட்டதற்கு, கன்று பட்டுப்போனால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். கன்று பட்டுப்போகவில்லை என்பதே எனக்குச் சிக்கல். காய்க்காத மரத்துக்கு மாற்றுக் கன்று தருவதாக எந்தக் கடையின் நிபந்தனையிலும் இல்லை. காய்க்குமா காய்க்காதா என்று தெரிவதற்குள் புகார் செய்யும் கெடுவும் முடிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான அனுபவம், தேவகோட்டைச் சாலையில் உள்ள சிறிய நர்சரி ஒன்றில் கிடைத்தது. எங்கள் சின்னாத்தாவுக்கும் பீச் ஆசை தொற்றிக்கொண்டதால் அங்கே விசாரிக்கப் போனோம். கடைக்காரர் கன்று இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். வரவழைத்துத் தருகிறேன் என்று முன்பணமும் வாங்கியிருக்கலாம். அவர் சொன்னது இது: “ஆச்சி, பீச்சு நட்டா எல உண்டு, பூவும் கொஞ்சம் உண்டு. பழத்துக்கு நீங்க கொடைக்கானல் பஸ்ஸுதான் ஏறணும்.” பிறகு தோட்டத்தில் எவ்வளவு ஆழத்தில் கல் தட்டும், தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா, உப்பு உண்டா என்று கேட்டறிந்து, பெரியகுளத்தில் உருவான ‘பி.கே.எம். 1’ சப்போட்டாவையும் பவானிசாகரிலிருந்து வந்த ‘பி.எஸ்.ஆர். 1’ நெல்லியையும் காட்டினார். இரண்டின் சீட்டிலும் ரகத்தின் பெயர் எழுதியிருந்தது. சின்னாத்தா சப்போட்டாவை எடுத்துக்கொண்டார். கடையில் குறை என்றால், பைகள் வெயிலில் நைந்துபோய் வேர் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கன்றுகளையும் விற்பனைக்கு வைத்திருந்ததைச் சொல்லலாம். வேர் பைக்குள் சுருண்டுவிட்ட கன்றை விலை குறைவென்று வாங்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்தப் பீச் கன்றை வாங்கத் தக்கவர்கள் இல்லாமல் இல்லை. கொடைக்கானல், உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களில் வீடோ தோட்டமோ உள்ளவர்களுக்கு இது பொருத்தமாக இருக்கலாம். அங்கே குளிரும் உண்டு, மொட்டு விரியும் காலத்தில் ஈரமும் உண்டு. இலைச்சுருட்டலைத் தாங்கும் திறனுக்கு அங்கே உண்மையான மதிப்பு இருக்கிறது. ஆனால் அவர்களும் பெயரில்லாத கன்றை வாங்காமல், அந்த மலையின் குளிருக்குள் அடங்கும், குளிர்த்தேவை குறைந்த ரகம்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. 1000 மணிநேரம் கேட்கும் ரகம் உதகையிலும் ஒழுங்காகக் காய்க்காது.

பொதிவுக்கும் கன்றின் உடல்நலத்துக்கும் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். சீட்டுக்கும் துண்டறிக்கைக்கும் ஒன்று. செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்துக்குப் பொருத்தம் என்ற தலைப்பில் மதிப்பெண் தர ஏதுமில்லை.

ஏற்கெனவே வாங்கி நட்டுவிட்டவர்கள் மரத்தைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று சொல்லமாட்டேன். பின்கட்டில் தண்ணீர் மிச்சப்படும் வீட்டில், பூவுக்காகவும் மெல்லிய நிழலுக்காகவும் அதை வைத்துக்கொள்ளலாம்; ஆண்டுக்கொருமுறை கவாத்து செய்து நடுவைத் திறந்துவைத்தால் துருநோயும் அடங்கியிருக்கும். மலையில் உறவினர் இருந்தால் தொட்டியில் உள்ள கன்றை அவர்களிடம் சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தென்னைநார்க் கழிவிலேயே வளர்ந்து, நம் மண்ணைத் தொடாத கன்றாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். தரையில் நின்ற கன்றைத் தோண்டி அனுப்ப எண்ணினால், முதலில் பக்கவேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். முடிச்சு ஒன்று தென்பட்டாலும் அந்தக் கன்று ஊரைவிட்டு நகரக் கூடாது. வேரைக் கழுவினால் மண்தான் போகும், வேருக்குள் இருக்கும் புழு போகாது.